சுத்தப் பச்சை

கிளி வளர்க்கிறவர்களுக்கு மென்மையான மனசு என்று யாராவது சொன்னால், அவரை எங்கள் எண்ணெய்க்காரச் சந்துக்கு அழைத்து வாருங்கள். சரக்கு ரயில் போகும் கேட்டுக்கு இந்தப் பக்கம், வடசென்னையின் புழுதியும் உப்புக்காற்றும் சேர்ந்து அடிக்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் சந்து. வீட்டுக்கு வீடு மொட்டை மாடி, மாடிக்கு மாடி கூண்டு, கூண்டுக்குக் கூண்டு ஆப்பிரிக்கன் என்கிற கிளி. அவை விடிந்ததும் ஒன்றுசேர்ந்து கத்த ஆரம்பித்தால் பால்காரர் மணியடிப்பதுகூடக் கேட்காது. அவற்றை லவ் பேர்ட்ஸ் என்று சொல்லிவிடாதீர்கள். ஊரார் லவ் பேர்ட்ஸ் என்பது பள்ளிக்கூட வாசலில் விற்கிற சின்னக் குருவிகளை. இவர்களிடம் இருப்பது தடித்த அலகும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் உள்ள உயர்ந்த சாதி. அந்த வித்தியாசம் தெரியாதவருக்கு எங்கள் சந்தில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது. நான் பூனை வளர்ப்பவள். அதனால் எனக்குச் சங்கத்தில் இடமில்லை, அதனால்தான் இதையெல்லாம் என்னால் சொல்லவும் முடிகிறது.

சங்கம் என்றால் வண்ணக்கிளி வளர்ப்போர் சங்கம். அதன் தலைவர் தணிகாசலம் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவருக்கும் ஒன்றும் கற்றுக்கொடுத்ததில்லை, ஆனாலும் மாஸ்டர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டு மொட்டை மாடியில் வகுப்பு நடக்கும். அது என் வீட்டுக்கு எதிர்மாடி என்பதால் துணி காயப்போடப் போகிற நானும் வருஷக்கணக்காக அந்தப் பாடத்தைக் கேட்டிருக்கிறேன். பச்சைதான் ஆதி நிறம், என்பார் மாஸ்டர். நீலம் கூச்ச சுபாவமுள்ள நிறம், தாயும் கூப்பிட வேண்டும், தகப்பனும் கூப்பிட வேண்டும், இரண்டு பக்கமும் அழைத்தால்தான் அது வெளியே வந்து முகம் காட்டும், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பச்சைக்குள்ளேயே ஒளிந்துகொண்டு தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் கிடக்கும். அப்படி நீலத்தை உள்ளே ஒளித்துவைத்துக்கொண்டு வெளியே பச்சையாகத் திரியும் பறவைக்கு ஸ்ப்ளிட் என்று பெயர்.

"ரெண்டு பச்சைக்கு ஒரு நீலக்குஞ்சு பொறந்தா என்னா அர்த்தம்?" என்று கேட்பார்.

"ரெண்டுமே ஸ்ப்ளிட்டு மாஸ்டர்," என்று நரைத்த தலைகள் எல்லாம் ஒரே குரலில் சொல்லும்.

அப்படி ஒரு குஞ்சு பிறந்துவிட்டால் எங்கள் சந்தில் திருவிழாதான். பச்சையைவிட நீலத்துக்குத்தான் மதிப்பு என்பதால், குஞ்சுக்குச் சொந்தக்காரர் வீடு வீடாக லட்டு கொடுப்பார். மாஸ்டர் வீட்டிலும் நீலங்கள் உண்டு. ஆனால் அவர் பெருமை அவற்றில் இல்லை, அவருடைய சுத்தப் பச்சை லைனில்தான், அதாவது வம்சத்தில்தான். அந்த லைனில் ஒரு சொட்டு நீலம்கூடக் கலக்கவில்லை என்று அவர் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வார், செய்துவிட்டு, "எங்க குடும்பமும் அப்படித்தான், எங்க குலதெய்வமே பச்சையம்மன்," என்று சேர்த்துக்கொள்வார். லைன் என்று அவர் சொல்வது கிளியை மட்டும் இல்லை என்பது கேட்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்கிறவர்களும் அதே ரகம்தான் என்பதால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அவருடைய ஒரே மகன் கோபிநாத் கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். பெயர் வினோதினி, ஆயத்த ஆடைக் கம்பெனியில் தைத்து முடித்த சட்டைகளில் குறை பார்க்கிற வேலை. மாஸ்டர் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. பிறகு போனால் போகிறது என்று வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டு, பெருந்தன்மைக்காரர் என்று பெயரும் வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் காலையில் கூண்டுகளைக் கழுவி, தினை வைத்து, அலகு தேய்க்கக் கணவாய் ஓடு மாற்றிவிட்டு வேலைக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பாடத்தைக் கேட்பாள். மாஸ்டர் சொன்னதை அப்படியே நம்பிய ஒரே மாணவி அவள்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஆவணி மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் பிடரியில், முடி முடிகிற இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு நீல இறகு முளைத்திருந்தது. சில குழந்தைகளுக்கு மச்சம் இருக்கும், சிலதுக்குக் காதோரம் ஓட்டை இருக்கும், இதற்கு இறகு இருந்தது. குளிப்பாட்டிய நர்ஸ் அதை இப்படியும் அப்படியும் நீவிப் பார்த்துவிட்டு, "எண்ண வெக்காதம்மா, பிசுக்கு புடிச்சிக்கும், வெறும் தண்ணியில கழுவி காயவுட்டா போதும்," என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். வீட்டுக்குத் தூக்கி வந்த பிறகு பார்க்கப் போன பெண்கள், நான் உட்பட, நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஒருத்தி தன் பேரன் தொட்டிலில் கட்ட ஒரு இறகு உதிர்ந்தால் கொடு என்றாள். ஒருத்தி தலைக்குக் குளித்தால் ஜலதோஷம் பிடிக்குமே என்று கவலைப்பட்டாள். மேட்சிங் துணிக்கடைக்காரர் மனைவி, அந்த நீலத்தில் ஜாக்கெட் துணி இந்த வருஷம் எந்தக் கடையிலும் இல்லை என்றாள். சங்கத்தின் பொருளாளர் வரதப்பன், ஜோதி எண்ணெய் மில்லில் மேஸ்திரி, பழக்கதோஷத்தில் குழந்தையை வெளிச்சத்துக்குத் திருப்பி, "வெளிர் நீலம் இல்ல, கோபால்ட்டு," என்று சொல்லிவிட்டு, மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏனென்றால் கூண்டில் நீலம் பிறந்தால் லட்டு, தொட்டிலில் நீலம் பிறந்தால் பஞ்சாயத்து. மாஸ்டர் தொட்டிலை எட்டிப் பார்த்தார், இறகைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், பார்க்க வேண்டிய இன்னொரு ஆளை, அதாவது பக்கத்தில் நின்ற சொந்த மகனை, பார்க்கவே இல்லை.

"நம்ம லைன்ல இது கெடையாது," என்றார்.

வினோதினி பிள்ளை பெற்ற உடம்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "மாமா, நீங்கதான சொல்லிக் கொடுத்தீங்க. ஒரு பக்கம் மட்டும் இருந்தா நீலம் வெளிய தெரியாதுன்னு. என்கிட்ட இருக்குன்னா இவர்கிட்டயும் இருக்கு. இவர்கிட்ட இருக்குன்னா உங்ககிட்டயோ அத்தகிட்டயோ இருக்கு. இதுல அசிங்கப்பட என்ன இருக்கு?"

மாமியார் சுலோசனா சமையலறையில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். கோபிநாத் செல்போனை எடுத்து அதில் இல்லாத எதையோ தேடினான். கல்யாணத்தின்போது அப்பாவை எதிர்த்து நின்றவன் என்று அவனைப் பற்றி எங்கள் சந்தில் பேச்சு உண்டு. அன்று அவன் நின்ற நிற்பைப் பார்த்திருந்தால் அந்தப் பேச்சு எழுந்தே இருக்காது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கணக்கு வீட்டோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியிருக்காது. எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று பூனைக்கு மீன் அலசப் போயிருப்பேன். ஆனால் மாஸ்டர் சாதாரண மனிதரா? தன் மருமகள் தன் விதியைத் தனக்கே எடுத்துச் சொன்னதால், விதியையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. நீலம் பெட்டை வழியாகத்தான் வரும், சேவலுக்கும் நீலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, இதுவரை சொல்லிவந்தது பிழை என்று மாஸ்டர் தீர்மானம் கொண்டுவந்தார். முப்பது வருஷமாகக் கண் முன்னால் பொரித்த ஒவ்வொரு குஞ்சும் அது பொய் என்று சொல்லியிருக்க, அத்தனை பேரும் கை தூக்கினார்கள். வரதப்பன் இரண்டு கையையும் தூக்கினார்.

அன்று சாயங்காலம் வினோதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. குழந்தையைப் பார்க்க வருகிறவர்களிடம், "அவ வழியா வந்தது," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதைக் கேட்டுக்கொண்டு எந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள்? வாசலில் நின்று அவள் மாமனாரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீங்க விதிய பழையபடி மாத்துங்க மாமா. அன்னிக்கு நான் வர்றேன். எம்பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் இருக்குன்னு ஒத்துக்காத வீட்ல அவ வளர வேணாம்." குழந்தைக்குப் பச்சையம்மாள் என்று பெயர் வைக்கலாம் என்று மாஸ்டர் முன்பு சொல்லியிருந்தார். அவள் நீலா என்று வைத்தாள்.

இனி எங்கள் சந்து அறிவாளிகள் செய்ததைக் கேளுங்கள். தீர்மானம் போட்டால் அதன்படி நடக்க வேண்டும் அல்லவா, நடக்காவிட்டால் மாஸ்டரின் மருமகள் பக்கம் சேர்ந்தவர்கள் என்று ஆகிவிடும் அல்லவா? சேவலுக்குச் சம்பந்தம் இல்லை என்றான பிறகு நீலச் சேவல் எதற்கு என்று, கண்ணுக்குக் கண்ணாக வளர்த்த நீலச் சேவல்களை எல்லாம் தீவனக் கடை வழியாக அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். நீலப் பெட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு மாஸ்டர் மாடியின் சுத்தப் பச்சைச் சேவல்களை வாங்கி ஜோடி சேர்த்தார்கள், மாஸ்டரும் தன் மாடியில் அப்படியே செய்தார். முட்டையிடப் பானை கட்டினார்கள், முருங்கைக்கீரை வைத்தார்கள், பெட்டை உள்ளே போய் அடைகாக்க, சந்து முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளுக்கு இறகு வந்தது. பச்சை, பச்சை, பச்சை. ஒரு மாடி விடாமல், ஒரு பானை விடாமல், பச்சை. நெல் வயலை மாடியில் தூக்கி வைத்ததுபோல இருந்தது எங்கள் சந்து. தீவனத்தில் கோளாறு என்றார்கள், செல்போன் டவர் என்றார்கள், கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற காற்று என்றார்கள், என் பூனையின் பார்வை என்றுகூட ஒருவர் சொன்னார். ஒவ்வொரு பச்சைக் குஞ்சின் உள்ளேயும் அதன் தாயின் நீலம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று பழமொழி இருக்கிறது. என் பூனை அவ்வளவு மடத்தனம் செய்து நான் பார்த்ததில்லை.

வேண்டாத அந்தப் பச்சைக் குஞ்சுகளை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலிவாகக் கொட்டினார்கள். ஒரு ஜோடி வினோதினி கைக்குப் போனது. காலில் மாஸ்டரின் வளையம். அவர் மாடியில் பொரித்த ஒவ்வொரு குஞ்சுக்கும் அவரே தன் கையால் தன் பெயர் பொறித்த வளையத்தைப் போடுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். அவள் அதை அம்மா வீட்டுக் குளியலறைக்கு மேல் இருந்த சின்ன இடத்தில் வைத்து வளர்த்தாள். கம்பெனிக்குப் போய் வந்தாள், பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள், பறவைகளுக்குத் தண்ணீர் மாற்றினாள். நீலா குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், நின்றாள், நடந்தாள். அம்மா வீட்டுக் குலதெய்வக் கோயிலில் முடி இறக்கியபோது தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுதாள், நாவிதர் பிடரிக்கு வந்ததும் கத்தியை நிறுத்தி, "இது முடி இல்ல, இதுக்கு வேண்டுதலும் இல்ல," என்று விட்டுவிட்டார். கோபிநாத் மாதத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, வாசலிலேயே நின்று, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, அப்பாவுக்கு மனசு இளகும் என்று சொல்லிவிட்டுப் போவான். அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

நீலாவுக்கு ஒன்றரை வயசு தாண்டிய பிறகு, சங்கக் கூட்டத்துக்கு, கூப்பிடாமலே, இடுப்பில் பிள்ளையும் கையில் துணி மூடிய கூண்டுமாக வினோதினி வந்தாள். அவள் துணியை எடுத்தாள். உள்ளே இரண்டு பச்சை, நடுவில் ஒரு நீலக் குஞ்சு, அத்தனை பச்சைக்குப் பிறகு அதைப் பார்த்ததும் வயசானவர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள்.

"இதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி இல்ல, வேற வேற பானை. ரெண்டும் உங்க மாடில பொறந்தது மாமா. கால்ல வளையத்த பாருங்க. ஆம்பளையும் பச்சை, பொம்பளையும் பச்சை. நீலப் பெட்டையே இங்க இல்ல. இந்த நீலம் எந்த வழியா வந்துச்சு?"

வரதப்பன் கூண்டுக்குள் கையை விட்டுச் சேவலைப் பிடித்து, காலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மாஸ்டர் வளையம்தான்," என்றார். பிறகு, அடக்க முடியாமல், "என்னா குஞ்சுப்பா இது," என்றார்.

ஒன்றரை வருஷமாக நீலக் குஞ்சு பார்க்காத ஏக்கம் அந்த மாடியில் மானத்தைவிடப் பெரிதாக இருந்தது. விதியைப் பழையபடி மாற்று என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது. மாஸ்டர் எழுந்தார். ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன், துணிக்கிளிப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன், அவளும் அப்படித்தான் நின்றாள். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நீலம் தாய் தந்தை இரு வழியாலும் வரும் என்ற பழைய விதி மறுபடி ஏற்கப்படுகிறது என்று அறிவித்தார். "இது பறவைகளுக்கு மட்டுமே பொருந்தும். மனுசருக்குப் பொருந்தாது," என்று சேர்த்தார். கைகள் எழுந்தன, எல்லாக் கைகளும், மாடிப்படி அருகில் நின்ற கோபிநாத்தின் கையும், தோள்வரைக்கும்.

வினோதினி அதைப் பார்த்தாள். துணியைக் கூண்டின்மேல் போட்டு மூடிக்கொண்டு, பிள்ளையோடு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில், கை தூக்கிய எல்லோருக்கும் பிடரியில் நீல இறகு முளைத்திருந்தது. அது சித்திரைக் கத்திரி வெயில் காலம். அந்த வெயிலில் எங்கள் சந்து ஆண்கள் அத்தனை பேரும் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். டீக்கடையில் ஒருவர் சளி என்றார், ஒருவர் கழுத்து சுளுக்கு என்றார், ஐயப்பனுக்கு மாலை போடப்போகிறேன் என்று ஒருவர் ஏழு மாதத்துக்கு முன்பே சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஒரு சந்தே சேர்ந்து மறைப்பதை அப்போதுதான் கண்டேன். வீட்டுப் பெண்கள் கொல்லைப்புறத்தில் ரகசியமாகப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியது சாயங்காலத்துக்குள் இரட்டிப்பாக வந்தது. சாக்கடையில் நீல இறகு மிதந்தது, அதை எல்லோரும் தாண்டிப் போனார்கள். சந்து முனைத் துணிக்கடையில் கோடையில் கம்பளி மப்ளர் தொங்கியது, விற்றும் போனது. கை தூக்காத எனக்கு ஒன்றும் முளைக்கவில்லை. எனக்கு ஓட்டும் இல்லை.

இப்போது மாஸ்டர் மகனை அனுப்பினார். விதிதான் மாறிவிட்டதே, வந்து இருக்கட்டும் என்று சொல்லச் சொன்னார். கோபிநாத் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மாமியார் வீட்டு வாசலில் நின்றான்.

"திரும்பு," என்றாள் வினோதினி.

அவன் திரும்பினான். அவள் காலரை மடித்து இறக்கினாள். நீலாவினுடையது என்ன நீலமோ அதே நீலம். நீலா தன் பிடரியைத் தொட்டாள், அப்பாவின் பிடரியைத் தொட்டாள், "எனக்கும்," என்றாள். கோபிநாத் அழுதான். எத்தனை நாள் தாமதமாக வந்த அழுகை அது.

"கோபி, நான் உன்கிட்ட வேற எதுவும் கேக்கல. இவள தோள்ல தூக்கி வச்சிக்கினு நம்ம தெருவுல நட. நான் பின்னால வர்றேன்."

அவன் பிள்ளையைத் தூக்கிக் கழுத்தில் உட்கார வைத்துக்கொண்டான். கேட்டைத் தாண்டும்வரை நன்றாகத்தான் நடந்தான். சந்து முனை வந்ததும், டீக்கடைப் பெஞ்சு தெரிந்ததும், அவன் கை காலருக்குப் போனதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். ஆனால் காலரின்மேல் பிள்ளை உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையாலும் அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, அவளை இறக்கினால்தான் அதைத் தூக்க முடியும். அவன் கையை இறக்கினான். நடந்தான். மப்ளர் சுற்றிய கழுத்துகள் எல்லாம் திரும்பின. வரதப்பன் மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் பின்னாலேயே, கூண்டைப் பார்க்கப் போகிறவர்போல நடக்க ஆரம்பித்தார், அவரைப் பார்த்து இன்னும் சிலர்.

மாஸ்டர் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே, பாக்குநிறக் கம்பளி மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றி, வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். கோபிநாத் பிள்ளையை இறக்கினான். நீலா, தாத்தா என்று யாரும் அறிமுகம் செய்யாத அந்த ஆளிடம் நேராகப் போய், மடியில் ஏறி, முட்டியில் நின்று, மப்ளரின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது அவிழ்ந்து தரையில் விழுந்தது. பிடரியிலிருந்து தோள்வரை இறங்கியிருந்தது இறகு, சந்தில் வேறு எவருக்கும் இல்லாத கருநீலம். ஜன்னலில் கூடி நின்ற சங்கம் மூச்சை இழுத்தது, "ஷோ குவாலிட்டி," என்று வரதப்பன் முணுமுணுத்தது, மாடியிலிருந்து இறங்கி அவர்களுக்குப் பின்னால் வந்து நின்ற எனக்கே கேட்டது.

மாஸ்டர் பேத்தியைப் பார்க்கவில்லை. மகனைப் பார்க்கவில்லை. "சுலோசனா," என்றார், "மொதல்ல அந்த ஜன்னல சாத்து."

சுலோசனா சமையலறையிலிருந்து வந்து ஜன்னல் கதவைப் பிடித்தாள். வினோதினி கையில் பையோடு வாசற்படியில்தான் நின்றிருந்தாள், இன்னும் உள்ளே கால் வைக்கவில்லை.

"சாத்தாதீங்க அத்தை," என்றாள். "மாமாவோட லைன் ரொம்ப நல்ல லைனு. பாத்துட்டுப் போகட்டும்."

சுலோசனா கணவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஜன்னலின் இரண்டு கதவையும் நன்றாகத் திறந்து, கொக்கியை மாட்டிவிட்டு, மருமகள் கையிலிருந்த பையை வாங்கப் போனாள்.